காக்கா ஆழி: எண்ணூர்ச் சேற்றிலிருந்து பழவேற்காடு ஏரியை நோக்கி

எண்ணூர்ப் பக்கம் ‘ஆழி’ என்கிற சிப்பியைச் சொன்னால் அது பச்சை ஆழிதான். பாறையிலும் பாலத்துத் தூணிலும் ஒட்டி வளரும், ஓட்டின் ஓரம் பச்சையாக மின்னும், வேகவைத்தால் வாய் திறந்து ஆரஞ்சு நிறச் சதையைக் காட்டும். காசாகும் ஆழி. சில வருடங்களாக இன்னொரு ஆழியின் பெயரும் அங்கே அடிபடுகிறது: காக்கா ஆழி. கறுப்பாக இருப்பதால் வந்த பெயராக இருக்கும் என்று நினைக்கிறேன். காக்காய் மாதிரி ஒன்று வந்தால் ஊரே வந்துவிடும் என்பதாலும் இருக்கலாம்.

மாதம் ஒருமுறையாவது தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போகிறவன் நான். கொடுவா மாட்டினால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் கெளுத்தி, அதுவும் இல்லையென்றால் வெயில். அந்த ஏரிக்கு என்ன ஆபத்து என்று யாராவது கேட்டால் முகத்துவாரம் தூர்ந்துபோவதையும் துறைமுகத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். காக்கா ஆழியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கணக்கில் வைத்ததில்லை. எண்ணூரில் தண்ணீர் வடிந்த ஒரு காலை நேரத்தில் கொசஸ்தலை ஆற்றுக்குள் படகில் போன பிறகுதான் கணக்கு மாறியது.

மேடு தட்டிய இடத்தில் படகை நிறுத்திவிட்டு இறங்கப் போனேன். படகுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “செருப்பு போட்டுக்கினு இறங்குண்ணே. காலைக் கிழிச்சிடும்.” சேற்றில் செருப்போடு யார் இறங்குவார்கள்? சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளுமே. பிடுங்கவில்லை. காலடியில் சேறே இல்லை. நொறுங்கும் கப்பி ரோட்டில் நடப்பது போல இருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கருப்புக் கம்பளம் விரித்த மாதிரி ஆழி.

ஒரு கொத்தைப் பிய்த்து எடுத்தேன். ஒவ்வொரு ஆழியின் வயிற்றுப் பக்கத்திலிருந்தும் தலைமுடி போலப் பழுப்பு நூல்கள் கிளம்பி, பக்கத்து ஆழியின் ஓட்டில், செத்துப்போன ஆழியின் காலி ஓட்டில், ஒரு பால் கவரில், ஒரு நைலான் வலைத் துண்டில் எல்லாம் ஒட்டியிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் கொத்து. எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டேன். பெரும்பாலானவை கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றை உடைத்தால் ஓட்டின் உள்பக்கம் ஊதா. கொத்து இருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன். தார் மாதிரிக் கருத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம். புழு கிடையாது, வளை கிடையாது, எதுவும் ஓடவில்லை.

அந்த நாற்றம்தான் இந்த விவகாரத்தின் நடுப்புள்ளி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், வந்திருக்கும் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

ஆள் யார்?

அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. பழைய புத்தகங்களில் மைட்டெல்லா சார்ருவானா என்று இருக்கும். ஆங்கிலத்தில் சாரு மஸ்ஸல் என்கிறார்கள். சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். பசிபிக் கரையிலும் உண்டு, அட்லாண்டிக் கரையிலும் உண்டு. பிரேசிலில் மசெயோ நகரத்துக் கழிகளில் இதற்கு ‘சுருரு’ என்று பெயர். தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைப்பார்கள், அந்த ஊரின் அடையாளமே அந்தக் குழம்புதான். அதாவது இது எங்கேயும் தொல்லைதான் என்று சொல்ல முடியாது. பிறந்த இடத்தில் அதைத் தின்ன நண்டும் மீனும் பறவையும் மனிதனும் இருக்கிறார்கள். இடம் மாறி வந்ததும் அந்தப் பங்காளிகளெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பி இது முதலில் மாட்டிக்கொண்டது 1986-இல், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் நகரில், ஒரு மின்நிலையத்தின் நீர் உறிஞ்சு குழாயை அடைத்தபோது. அடுத்த வருடமே அங்கே காணாமல் போனது. குளிர் கொன்றிருக்கும் என்று கருதப்படுகிறது. பிறகு 2004-இல் அதே ஃபுளோரிடாவில் மஸ்கீட்டோ லகூனில் மறுபடி தலைகாட்டியது. 2014-இல் மணிலா விரிகுடா, 2016-இல் சிங்கப்பூர். சிங்கப்பூரில் ஜோகூர் நீரிணை ஓரத்து மீன் பண்ணைகளின் வலைகளிலும் கிராஞ்சி சேற்றுத் திட்டுகளிலும் அப்பிக்கொண்டது.

இந்த வரிசையில் நான் கவனித்த ஒரு விஷயம்: குளிர்காலம் உள்ள ஊரில் மட்டும்தான் இது ஒருமுறையாவது தோற்றிருக்கிறது. சென்னையில் மார்கழி விடியலுக்கு நாம் ஸ்வெட்டர் போடுகிறோம், அவ்வளவுதான். ஆழிக்கு அது குளிரே கிடையாது.

மற்றபடி எதையும் தாங்குகிறது. கடல்நீரில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு. இது 2 பங்கு உப்பிலிருந்து 40 பங்கு வரை பழகிக்கொள்ளும் என்று பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர்கூட ஆவதற்குள் குட்டி போடும் வயது வந்துவிடுகிறது. (குட்டி என்பது பேச்சுக்கு. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும், அங்கே கருவாகும்.) அந்த இளம் உயிர்கள் தூசிபோல நாள்கணக்கில் தண்ணீரில் மிதந்து அலையும். நீரேற்றத்தோடு உள்ளே போகும், வடிந்தால் வெளியே வரும், பிடிக்க ஒரு நூல் கிடைத்தால் உட்கார்ந்துவிடும்.

பச்சை ஆழிக்குப் பிடிக்கக் கெட்டியான இடம் வேண்டும். இதற்குச் சேறே போதும். முதலில் ஒரு கிளிஞ்சலிலோ குச்சியிலோ ஒன்று பிடிக்கும், அதன் மேல் இன்னொன்று, நூலும் நூலும் பின்னிக்கொண்டால் சேற்றின் மேல் பாய் விரித்தாயிற்று. தொல்லை எல்லாம் இந்தப் பாயில்தான் இருக்கிறது.

கொல்லத்தில் நடந்தது

இந்தியாவில் இது கேரளத்தின் காயல்களில் இருப்பதை 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடினம்குளம் தொடங்கி பொன்னானி வரை பல காயல்களில் கண்டிருக்கிறார்கள். மோசமாக அடிவாங்கியது கொல்லத்தின் அஷ்டமுடி. அங்கே ஒரு சதுர மீட்டரில் 11,384 வரை எண்ணியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது நம் வீட்டு வாசலில் போடும் சின்னக் கோலத்தின் அளவு. பச்சை ஆழியும், அங்கே முரிங்ஙா என்று சொல்லும் தின்னக்கூடிய சிப்பியும் இருந்த இடங்களை இது பிடித்துக்கொண்டது.

அஷ்டமுடி சாதாரண ஏரி கிடையாது. 2002 முதல் ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். அங்கே மஞ்சள் கால் மட்டி எடுக்கும் தொழில், கடல்வளத்தை அழிக்காமல் நடக்கும் மீன்பிடிப்பு என்று மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் (எம்எஸ்சி) அமைப்பின் சான்றிதழை 2014-இல் வாங்கியது. இந்தியாவில் அந்தச் சான்றிதழ் வாங்கிய முதல் மீன்பிடிப்பு அதுதான். எடுப்பது, அவிப்பது, உரிப்பது, விற்பது என்று சுமார் 3,000 பேர் அதை நம்பி இருக்கிறார்கள். கண்ணி அளவு, பிடிக்காத மாதம், குறைந்தபட்ச அளவு என்று எல்லாக் கட்டுப்பாட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஏரி. அந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் பிடிக்கிறவனுக்குத்தான். சொல்லாமல் வந்து உட்கார்கிறவனை அவை என்ன செய்யும்?

எப்படி வந்தது? கப்பலோடு வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான முடிவு. 2017 ஒக்கி புயல் பரவலை வேகப்படுத்தியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. கொல்லத்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘வரத்தன் கக்கா’. வெளியிலிருந்து வந்து குடியேறிய சிப்பி. ஆய்வாளர்கள் சில பக்கங்களில் சொன்னதை அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

கப்பல் எந்த இடத்தில் தண்ணீரைக் கொட்டும்?

இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். காலிக் கப்பல் கடலில் ஆடாமல் நிற்க வயிற்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். அதுதான் பேலஸ்ட் தண்ணீர். சரக்கு ஏற்றும் இடம் வந்ததும் அந்தத் தண்ணீரை வெளியே விடும். ஆக நிலக்கரியோடு பாரமாக வரும் கப்பல் நம் துறைமுகத்தில் பெரிதாக எதையும் கொட்டுவதில்லை; நம் தண்ணீரை மொண்டுகொண்டு போகும். நம்மிடம் சரக்கு ஏற்ற வரும் கப்பல்தான் வேறு ஊர்த் தண்ணீரை இங்கே இறக்கும். எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001-இல் நிலக்கரி இறக்கத்தான் தொடங்கியது. இன்று அங்கிருந்து கார்கள் ஏற்றுமதியாகின்றன, பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் கண்டெய்னர்கள் போகின்றன. ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டும் நடக்கிற இடம்.

இன்னொரு வழி கப்பலின் அடிவயிறு. அங்கே ஒட்டிக்கொண்டு வர ஆழிக்குப் பேலஸ்ட் தேவையே இல்லை.

பேலஸ்ட் தண்ணீருக்கு உலக அளவில் ஒப்பந்தம் இருக்கிறது. 2004-இல் எழுதி, 2017 செப்டம்பர் 8-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள், வெளியேற்றும் தண்ணீரில் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிற அளவுக்குக் கறாரானது. ஆனால் எழுதியதற்கும் நடந்ததற்கும் நடுவே போன அந்தப் பதிமூன்று வருடங்களில்தான் ஆழி மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. கப்பலின் அடியில் ஒட்டுவதற்கு அந்த அளவு கட்டாயமும் கிடையாது. சர்வதேச கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்கள் மட்டுமே.

எந்தக் கப்பல், எந்த நாள் என்று யாராலும் கைகாட்ட முடியாது. கேரளத்திலிருந்து கரையோரமாக வந்ததா, நேராகவே வந்து இறங்கியதா என்பதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

எண்ணூரில் பறிபோனது

அழுகிய முட்டை நாற்றத்துக்கு வருவோம்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். உள்ளே இருக்கும் நாள்களில் பகலெல்லாம் மென்மையான சேற்றில் தன்னைப் புதைத்துக்கொண்டு படுத்திருக்கும். கையால் இறால் எடுப்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். இருளர்களும் மீனவப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரல் நுனியில் இறால் துள்ளும் அந்த நொடியில் அமுக்கி, பறிக்குள் போட வேண்டும். படகு வேண்டாம், வலை வேண்டாம், டீசல் வேண்டாம். கையில் காசே இல்லாதவர் செய்யக்கூடிய மீன்பிடிப்பு.

அந்தச் சேற்றின் மேல் ஆழிப் பாய் விரிந்துவிட்டால் இறால் புதைய முடியாது. விரலும் உள்ளே போகாது; போனால் ரத்தத்தோடு வரும். பாய்க்கு அடியில் ஆழியின் கழிவு சேர்ந்துகொண்டே போகிறது. ஆழி தண்ணீரை வடிகட்டிப் பாசியை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சளியில் உருட்டிக் கீழே தள்ளும். காற்று இறங்காத சேற்றில் அது அழுகும். நாற்றம் அங்கிருந்து வருகிறது. சேற்றுக்குள் இருக்கும் மஞ்சள் மட்டிக்கு மேலே கூரை போட்ட கதிதான்: மூச்சுக்கும் வழியில்லை, சாப்பாட்டையும் மேலே இருப்பவன் வாங்கிக்கொள்கிறான். புழுக்கள் போனால் அதைத் தின்னும் நண்டும் கெளுத்தியும் வேறு இடம் பார்க்கும்.

வலைக்காரர்களுக்கு வேறு கஷ்டம். அடியில் இழுபடும் வலை கொத்தில் மாட்டிக் கிழியும், கிழியாவிட்டால் கொத்தோடு வரும். இரண்டு மணி நேரம் இறால் பொறுக்க வேண்டிய இடத்தில் இரண்டு மணி நேரம் ஓடு பொறுக்க வேண்டும்.

இந்த ஆறு ஏற்கனவே நொந்த ஆறு என்பதையும் சொல்ல வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் வருடக்கணக்கில் படிந்து ஆழத்தைத் தின்றிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு பரவியது. அடிபட்ட இடத்தில் வந்தேறி சுலபமாக வேர் பிடிக்கும் என்பது உயிரியலில் பழைய பாடம். ஆழம் குறைந்து, நீரோட்டம் மந்தமாகி, சொந்த உயிர்கள் மெலிந்துபோன கழி இதற்கு வாடகை கேட்காத வீடு மாதிரி.

குரல் கொடுத்தவர்கள் மீனவர்கள். காலில் குத்தியவர்களுக்குத்தானே முதலில் தெரியும். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் போனது. ஆழியை அள்ளி எடுக்கும் வேலை நீர்வளத் துறையின் பக்கம் வந்தது.

இந்த ‘பக்கம் வந்தது’ என்பதுதான் நம் ஊரில் எல்லாவற்றையும் தாமதப்படுத்துகிறது என்பது என் எண்ணம். ஆறு நீர்வளத் துறையுடையது. இறால் மீன்வளத் துறையுடையது. சதுப்பு நிலம் வனம் மற்றும் சுற்றுச்சூழலுடையது. கப்பலின் தண்ணீர் ஒன்றிய அரசின் கப்பல் துறையுடையது. ஆழி யாருடையது? ஒரு உயிர் இந்த நான்கு எல்லையையும் ஒரே நீரேற்றத்தில் தாண்டிவிடுகிறது. கோப்புக்கு நான்கு மேஜை வேண்டும்.

டார்வினில் நான்கு வாரம்

ஒப்பிட ஒரு கதை இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

1999 மார்ச் கடைசியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், கல்லன் பே என்ற படகுத் துறையில் முக்குளித்த ஆய்வாளர்கள் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னச் சிப்பியைக் கண்டார்கள். மைட்டிலாப்சிஸ் சாலெய். ஆறு மாதம் முன்பு அதே இடத்தில் முக்குளித்தபோது ஒன்றுகூட இல்லை. இப்போது சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில். சில நாள்களில் துறையைப் பூட்டினார்கள். அங்கிருந்து கிளம்பிப்போன படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். பாதிக்கப்பட்ட மூன்று படகுத் துறைகளிலும் நூறு டன்னுக்கு மேல் திரவ ப்ளீச்சையும், டன் கணக்கில் மயில்துத்தத்தையும் கொட்டினார்கள். உள்ளே இருந்த மீன், நண்டு, எல்லாம் செத்தது. சிப்பியும் செத்தது. சுமார் நான்கு வாரத்தில் வேலை முடிந்தது, செலவு 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். கடலில் வேர்விட்ட ஒரு வந்தேறிச் சிப்பியை முழுசாகத் துடைத்தெறிந்த மிகச் சில கதைகளில் இது ஒன்று.

இதை அப்படியே இங்கே செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: டார்வினில் கடல் ஏற்றவற்றம் எட்டு மீட்டர் அளவுக்குப் போகும், அதனால் அந்தப் படகுத் துறைகளுக்கெல்லாம் பூட்டும் கதவு உண்டு. கதவைச் சாத்தினால் அது ஒரு தொட்டி. கொசஸ்தலைக்கு எங்கே கதவு? மயில்துத்தத்தைக் கொட்டினால் முதலில் சாவது மிச்சமிருக்கும் இறால்தான். மருந்து என்ற பேச்சையே எண்ணூரில் எடுக்கக் கூடாது.

நாம் டார்வினிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மருந்தை விட்டுவிட்டு அந்த ஆறு மாதத்தைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி, இருப்பதை எழுதிவைத்தார். அதனால்தான் புதிதாக வந்தது புதிது என்று தெரிந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே மைட்டிலாப்சிஸ் 1967-லேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. டார்வினுக்கு முப்பத்திரண்டு வருடம் முன்னால். அது இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

பழவேற்காட்டுக்கு எவ்வளவு தூரம்?

கிட்டத்தில்தான். பக்கிங்காம் கால்வாய் எண்ணூர்க் கழியிலிருந்து வடக்கே ஓடி நேராகப் பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. கிழக்கே கடல் வழி. இரண்டுக்கும் நடுவே படகுகளும் வலைகளும் நண்டுக் கூடைகளும் போய் வருகின்றன. தூசியாக மிதக்கும் இளம் ஆழிக்கு இது பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவது மாதிரி.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கிறது. வடக்குப் பகுதி கோடையில் காய்ந்து உப்பேறிவிடும், அங்கே ஆழி தாக்குப்பிடிப்பது சிரமம். தென்பகுதிதான், அதாவது முகத்துவாரத்தையும் பழவேற்காடு ஊரையும் ஒட்டிய நம் பகுதிதான், அதற்கு ஏற்ற உப்பும் ஆழமும் சேறும் உள்ள இடம். மீனவர்கள் நெருக்கமாகத் தொழில் செய்வதும் அங்கேயேதான்.

அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இறால் கிடைக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. வெளியாளுக்கு இது வெறும் டோக்கன் சிஸ்டம் போலத் தெரியும். உண்மையில் அதிர்ஷ்டத்தையும் அதிர்ஷ்டமின்மையையும் சரிசமமாகப் பங்குபோடும் ஏற்பாடு அது. இறால் வருவதும் போவதும் மாறிக்கொண்டே இருக்கும் வரை இந்தக் கணக்கு நிற்கும். ஆழித் திட்டு நகராது. பாட்டு இடங்களில் இரண்டு மூன்று மூடிக்கொண்டால், முறை சுற்றி வந்தாலும் இடம் சுற்றி வராது. மிச்ச இடத்துக்கு நெருக்கடி கூடும், சண்டையும் கூடும். ஏரியின் உயிரியலைப் பற்றிப் பேசுபவர்கள் இதை அதிகம் பேசிக் கேட்டதில்லை.

இயற்கையாக ஒரே ஒரு தடுப்பு தெரிகிறது: மழை. 2 பங்கு உப்புக்கும் கீழே, கிட்டத்தட்ட நன்னீராகவே, பல நாள் நின்றால் ஆழி தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் ஏரியைக் கொஞ்ச நாளாவது இனிப்பாக்கும். கொசஸ்தலையில் 1944-இலேயே பூண்டியில் அணை கட்டி, தண்ணீரைச் சென்னைக்குத் திருப்பிவிட்டோம். எண்ணூருக்கு வருவது ஷட்டர் திறந்த நாள்களின் வெள்ளம் மட்டும். ஆறு முன்போல மாதக்கணக்கில் ஓடியிருந்தால் ஆழிக்கு இவ்வளவு சுகமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். குடிக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆற்றில் விடு என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

அள்ளுவது, தின்பது

இப்போதைக்குக் கையில் இருப்பது அள்ளுவதுதான். அதிலும் சூட்சுமம் இருக்கிறது. இயந்திரத்தால் வாரினால் அடியில் கிடக்கும் சாம்பலும் உலோகமும் கலங்கி மேலே வரும். உடைந்து விழும் கொத்துகள் சாவதில்லை; புது நூல் விட்டு வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளும். வாரியதைக் கரையிலேயே கொட்டினால் அடுத்த ஓதத்தில் பாதி திரும்பப் போய்விடும். தண்ணீர் எட்டாத தூரத்துக்கு லாரியில் கொண்டுபோக வேண்டும், காயவைக்க வேண்டும். கடலிலிருந்து புது இளம் உயிர்கள் வந்துகொண்டே இருப்பதால் இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாகாது. வயலில் களை எடுப்பது போல, வருடா வருடம். அப்படியென்றால் ஆறு முழுவதையும் குறிவைப்பதை விட்டுவிட்டு இறால் படுக்கும் திட்டுகளையும் முகத்துவாரத்தையும் கால்வாய் வாயையும் மட்டும் சுத்தமாக வைப்பதுதான் புத்தி. எந்தத் திட்டு என்பதைக் கையால் இறால் எடுக்கும் அம்மாக்களைக் கேட்டால் வரைபடமே இல்லாமல் சொல்வார்கள். அவர்களுக்கே கூலி கொடுத்து அந்த வேலையைக் கொடுத்தால் தப்பில்லை.

தின்றே தீர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. பிரேசில்காரன் தின்கிறானே? சரி, தின்னலாம்தான். ஆனால் ஆழி வடிகட்டி. தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் சேரும். அனல்மின் நிலையமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த எண்ணூர்க் கழியில் வளர்ந்த ஆழியை என் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன். வாத்துத் தீவனம், சுண்ணாம்பு என்றும் சொல்கிறார்கள். அதில் எனக்கு இருக்கும் பயம் வேறு: ஒரு பொருளுக்குச் சந்தை வந்துவிட்டால், அது தீர்ந்துபோகக் கூடாது என்று நினைக்கவும் ஆள் வந்துவிடும். சீமைக் கருவேலத்தை அழிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நாம் படும் பாட்டில் அதன் விறகுக்கும் கரிக்கும் பங்கு இல்லையா?

பழவேற்காட்டில் இன்னும் செய்ய நேரம் இருக்கும் வேலை, பார்ப்பது. கால்வாய் ஏரியில் சேரும் இடத்திலும், படகுத் துறையிலும், முகத்துவாரத்திலும் நாலைந்து கயிறுகளையும் ஓட்டுத் துண்டுகளையும் தொங்கவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தால் போதும். அரிசி அளவில் இருக்கும்போதே தெரிந்துவிடும். லட்ச ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். பார்த்தவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு போன் நம்பர் வேண்டும்.

அன்றைக்கு எண்ணூரிலிருந்து திரும்பும்போது என் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அடுத்த வாரம் அதே கயிறு பழவேற்காட்டில் இறங்கியிருக்க வேண்டியது. படகுக்காரர் கையை நீட்டி அதை வாங்கி, முறுக்கைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார். பிரிகளுக்கு நடுவே எள்ளுப்போல ஐந்தாறு கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் உருளவில்லை, ஒட்டியிருந்தன.

கயிறு இப்போது மொட்டை மாடியில் காய்கிறது. பத்து நாள் ஆகிறது. கருவாட்டு நாற்றம் வருகிறதென்று கீழ்வீட்டு அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டார். இன்னும் நாலு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.